குடியிருப்போர்: எவரும் இல்லை

எங்கள் ஆபீஸ் படிவத்தில் பதினொரு கட்டங்கள் இருந்தன. கட்டடத்தின் வயது, சுவர் எதனால் ஆனது, தளம் எதனால் ஆனது, விரிசல் உண்டா, இப்போது எதற்குப் பயன்படுகிறது என்று வரிசையாகப் போய் ஒன்பதாவது கட்டத்தில் ‘குடியிருப்போர்’ என்று வரும். அந்தக் கட்டம் மற்றவற்றைவிடச் சின்னது. இரண்டு வார்த்தைக்கு மேல் எழுத இடம் இருக்காது. நான் பல வருடம் அந்தப் படிவத்தை நிரப்பியவன். எந்தக் கட்டடத்துக்கு என்ன எழுதினேன் என்று கேட்டால் இன்று ஒன்றும் ஞாபகம் இல்லை. ஒரே ஒரு படிவத்தின் ஒன்பதாவது கட்டம் மட்டும் என் கையெழுத்தோடு கண்ணில் நிற்கிறது.

எனக்கு அந்த வேலை கிடைத்ததற்குத் தெலுங்குதான் காரணம். திருத்தணியில், கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கிற சர்க்கார் ஆபீஸில் படம் வரைகிற ஆளாக நான் சேர்ந்தபோது, ஊர் ஆந்திராவிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. சித்தூரிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த பழைய காகிதங்களில் பாதிக்கு மேல் தெலுங்கு. எனக்குச் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. நெசவுக்காரர் வீடு. வீட்டில் இரண்டு பாஷையும் ஒரே தட்டில் பிசைந்துதான் பேசுவோம். இரண்டையும் வாசிக்கத் தெரிந்தவன், கோடும் நேராகப் போடுகிறான் என்று என்னைப் பழைய கட்டடங்களின் பக்கம் ஒதுக்கிவிட்டார்கள்.

மலையைச் சுற்றிச் சத்திரங்களும் மண்டபங்களும் நிறைய இருந்தன. பக்தர்களுக்காக யார் யாரோ எந்தக் காலத்திலோ கட்டிவைத்தவை. எழுபதுகளில் திருப்பதி பஸ்கள் அதிகமாகி மலைக்கு வருகிற கூட்டமும் பெருத்தபோது, அவற்றுக்குச் சொந்தம் கொண்டாடிய எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்தது. முன்னால் கடை, மேலே ரூம். இதைக் கேள்விப்பட்டோ என்னவோ மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பழைய கட்டடத்தில் கைவைப்பதற்கு முன்னால் ஆபீஸிலிருந்து ஆள் போய்ப் பார்த்து, எதைக் காக்க வேண்டும், எதை மாற்றலாம், எதை இடிக்கலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போடுவது இன்ஜினியர். அளப்பது, வரைவது, எழுதுவது எல்லாம் நான்.

விண்ணப்பங்களைப் படித்தால் சிரிப்பு வரும். ஒருவர், தன் கடைக்கு முன்னால் இருக்கும் கல்தூணை இரண்டடி தள்ளி வைக்க அனுமதி கேட்டிருந்தார், ஏதோ பீரோவைத் தள்ளுகிற மாதிரி. இன்னொருவர் மண்டபத்துத் தூண்கள் முழுவதும் பச்சை எனாமல் பெயிண்ட் அடித்து முடித்துவிட்டு, அழகுபடுத்த அனுமதி வேண்டும் என்று எழுதியிருந்தார். போய்ப் பார்த்தேன். தூணில் இருந்த யாளி அப்போதுதான் குளத்திலிருந்து எழுந்து வந்தது மாதிரி பாசி நிறத்தில் நின்றது. எப்படி இருக்கு சார் என்று கேட்டார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வேலையில் நான் கெட்டிக்காரன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை, ஏனென்றால் அந்தக் கெட்டிக்காரத்தனத்தால் யாருக்கும் ஒரு நன்மையும் நடக்கவில்லை. ஒரு கட்டடத்துக்குள் போனதும் நான் முதலில் மேலேதான் பார்ப்பேன். ஆள் வாழ்கிற இடத்தில் மேல்தளத்தில் புகைக்கரி இருக்கும். அது படிந்திருக்கிற அகலத்தை வைத்து அடுப்பு ஒன்றா இரண்டா, தினமும் எரிகிறதா, விசேஷத்துக்கு மட்டும் எரிகிறதா என்று சொல்லிவிடுவேன். தூணில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிற உயரத்தை வைத்து அங்கே சாய்ந்து உட்கார்கிற ஆள் நெட்டையா குட்டையா என்று சொல்லிவிடுவேன். சொந்தக்காரர், பத்து வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது என்பார். நான் கையை உயர்த்திக் கரியைத் தொட்டு விரலைக் காட்டுவேன். விரல் கறுப்பாக இருக்கும். அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

இன்ஜினியர் கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. அவருக்கு ஒரே ஒரு விதி. கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், அடுத்தவன் சொன்னதை எழுதக் கூடாது. அந்த விதி எனக்கும் பிடித்திருந்தது. அதன்படி நடந்தால் ராத்திரி தூக்கம் வரும் என்று நினைத்தேன். வந்தது. அதைத்தான் இப்போது யோசிக்கிறேன், எல்லாம் நடந்த பிறகும் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்துகொண்டுதான் இருந்தது.

குளத்துக்குப் போகிற தெருவில் எங்கள் ஆட்களின் சத்திரம் ஒன்று இருந்தது. பொதட்டூர்பேட்டையிலிருந்து கிருத்திகைக்குக் காவடி எடுத்து நடந்து வருகிற நெசவுக்காரர்கள் இறங்குவதற்காகக் கட்டியது. முன்னால் பன்னிரண்டு கல்தூண் வைத்த கூடம், நடுவில் முற்றமும் கிணறும், பின்னால் இரண்டு அறைகள். அறைகளுக்குத் தளம் தாழ்வு. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கியது. கூடத்துத் தூண்களில் மயில் செதுக்கியிருக்கும். ஒன்றில் மட்டும் மயில் இருக்க வேண்டிய இடத்தில், தறியில் ஊடுநூலோடு குறுக்கே ஓடுகிற நாடா இருந்தது. உள்ளே நூல் சுற்றிய குச்சிகூடத் தெரியும்.

பின்னறை ஒன்றில் என் அக்கா இருந்தாள். அவளைக் கட்டியவர் பவர்லூம் வேலைக்கு என்று பம்பாய்ப் பக்கம் பிவண்டிக்குப் போனார். முதலில் கடிதம் வந்தது, பிறகு ஆள் மூலமாகச் சேதி வந்தது, பிறகு ஒன்றும் வரவில்லை. பிள்ளை இல்லை. எங்கள் நைனா செத்ததும் தறி இருந்த வீட்டை அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டோம். அக்காவுக்கு அதில் இடம் இல்லாமல் போயிற்று. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. ஊர்க்காரர்கள் சத்திரத்துச் சாவியை அவளிடம் கொடுத்து, அங்கேயே இருந்துகொண்டு இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம் இருந்தேன். என் வீட்டுக்கு வா என்று ஒருமுறை கூப்பிட்டேன். வேண்டாம் என்றாள். நான் மறுமுறை கூப்பிடவில்லை.

கிருத்திகை அன்று அவளுக்குக் கை ஓயாது. விடியும்போதே கிணற்றில் இறைத்து இரண்டு அண்டாவில் வெந்நீர் போட்டுவிடுவாள். வெறுங்காலோடு நடந்து வந்தவர்கள் காலை அதில் நனைத்துக்கொண்டுதான் மலைப்படி ஏறுவார்கள். அவர்கள் விட்டுப்போகிற துணி மூட்டைகளைக் கூடத்தில் வரிசையாக அடுக்கி, எது யாருடையது என்று முடிச்சைப் பார்த்தே சொல்லுவாள். ஒரு மூட்டைகூட ஆள் மாறிப் போனதில்லையாம். இதெல்லாம் நான் கேள்விப்பட்டதுதான். கிருத்திகை அன்று எங்கள் ஆபீஸ் ஆட்களை மலைப்பாதையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த நிறுத்திவிடுவார்கள். அந்தச் சத்திரத்தை ஆள் நிறைந்து நான் பார்த்ததே கிடையாது.

சத்திரத்து விண்ணப்பம் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் இன்னொரு சங்கதி நடந்தது. பூக்கட்டுகிறவர்கள் உட்கார்கிற ஒரு சிறிய மண்டபத்தை இடிக்கக் கூடாது என்று எழுதியிருந்தேன். நியாயமாகத்தான் எழுதினேன். மறுமாதம் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. அந்த மண்டபத்தில் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் காப்பாற்றிவிட்டேன் என்று. இன்ஜினியர் கதவைச் சாத்திவிட்டு அதை எனக்கு முழுதும் வாசித்துக் காட்டினார்.

“இத நான் நம்பல. ஆனா இன்னொண்ணு வந்தா நம்பவேண்டியதாப் போயிடும்” என்றார்.

அங்கே எனக்கு வேண்டியவர்கள் யாரும் இல்லை. இருந்தாலும் அன்றிலிருந்து ஜாக்கிரதையானேன். தெரிந்தவரைத் தெருவில் பார்த்தால்கூட அளவாகச் சிரித்தேன். யாருக்காவது சாதகமாக ஒரு வரி எழுத வேண்டி வந்தால், எழுதிவிட்டு இரண்டு முறை வாசித்து, முடிந்தால் அடித்தேன்.

அப்போதுதான் சத்திரத்து விண்ணப்பம் மேஜைக்கு வந்தது. கொண்டுவந்தவர் சத்திரத்தின் தர்மகர்த்தா, எங்கள் ஊர் நூல் வியாபாரி. தூரத்து உறவு, பாவா என்றுதான் கூப்பிடுவேன். முழுதும் இடித்துவிட்டு மூன்று மாடியில் லாட்ஜ் கட்ட வேண்டும் என்பது அவர் திட்டம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. நம்ம ஜனம் இன்னும் எத்தனை காலத்துக்குக் கல்லில் படுத்துக் கிடக்கும், ஃபேன் போட்ட ரூமில் படுக்கட்டுமே என்று மனதாரத்தான் சொன்னார். அக்காவைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு ஏதாவது செய்யலாம் என்றார். ‘ஏதாவது’ எங்கள் ஆபீஸில் தினமும் புழங்குகிற சொல். அதன் நீள அகலம் எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்பதாவது கட்டத்தில் ஒரு பெயர் விழுந்துவிட்டால் கதை வேறு. அந்த ஆளுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கூப்பிட்டு என்ன சொல்கிறார் என்று கேட்க வேண்டும். புதிய வரைபடத்தில் அவருக்கு ஓர் அறை காட்டாமல் ஒரு செங்கல்லைக்கூட எடுக்க முடியாது. அக்காவின் மீதிக் காலம் அந்தச் சின்னக் கட்டத்தில் இருந்தது. அதை எழுதுகிற பேனா என்னிடம் இருந்தது.

நான் ஒரு யோசனை செய்தேன். நானாக வாயைத் திறக்கக் கூடாது. இன்ஜினியர் தன் கண்ணால் பார்க்கட்டும். பின்னறையில் அடுப்பு இருக்கும், பாய் இருக்கும், கொடியில் புடவை தொங்கும், தளத்தில் பல வருடக் கரி இருக்கும். யார் இங்கே இருப்பது என்று அவரே கேட்பார், அவரே எழுதச் சொல்வார். அது என் அக்கா என்று பிறகு தெரிந்தாலும் என் மேல் பழி இல்லை. அக்காவுக்கும் இடம் போகாது, என் பெயரும் கெடாது. இரண்டு மூன்று நாள் அந்த யோசனையை நானே மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

இன்ஜினியர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால், ஆபீஸ் விட்டுப் போகிற வழியில் சத்திரத்துக்குப் போனேன். அக்கா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நாளை மறுநாள் இன்ஜினியர் வந்து இடத்தைப் பார்க்கப்போகிறார் என்று சொன்னேன்.

“பெரிய ஆபீசரா?”

“ஆங். பெரியவருதான்.”

“நீயும் அவரும் ஒண்ணா வர்றீங்களா?”

ஆமாம் என்றதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. தம்பி ஒரு பெரிய ஆபீசரோடு தன் வாசலுக்கு வரப்போகிறான். எதற்கு வருகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எதையும் எடுக்காதே, அடுப்பு பாட்டுக்கு இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அப்படிச் சொன்னால் நானே ஏற்பாடு செய்ததாக ஆகிவிடும் என்று விழுங்கிக்கொண்டு, டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அன்று காலை பத்து மணிக்குப் போனோம். இன்ஜினியர், நான், டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஒரு பியூன். வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தது. கூடத்துத் தரையைத் தேய்த்துக் கழுவியிருந்தாள், கல்லில் ஈரம் இன்னும் காயவில்லை. தூண்களின் அடியில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்குகூடப் போயிருந்தது. இன்ஜினியர் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை.

பின்னறைக் கதவைத் தள்ளியதும் சுண்ணாம்பு வாடை முகத்தில் அடித்தது. அறை காலியாக இருந்தது. அடுப்பை உடைத்து எடுத்து, அது இருந்த இடத்தைச் சாணியால் மெழுகியிருந்தாள். பாய் இல்லை, பானை இல்லை, கொடி இல்லை. கொடி கட்டியிருந்த ஆணிகளையும் பிடுங்கி ஓட்டையைச் சுண்ணாம்பால் அடைத்திருந்தாள். பழக்கத்தில் மேலே பார்த்தேன். வெள்ளை. தாழ்வான தளம்தானே, கையை உயர்த்தித் தொட்டேன். விரல் வெள்ளையாக வந்தது. வடகிழக்கு மூலையில் மட்டும், எத்தனை பூச்சு அடித்தும் மறையாமல், சுண்ணாம்புக்குள்ளிருந்து பழைய கரி டீக்கறை மாதிரி ஊறி வெளியே தெரிந்தது. இன்ஜினியர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. லாட்ஜ் பேச்சு அவள் காதிலும் விழுந்திருக்கிறது. இடம் கோயில் மாதிரி சுத்தமாக இருந்தால் ஆபீசருக்கு இடிக்க மனம் வராது என்று நினைத்திருக்கிறாள். ஆபீசர் பார்க்கிற இடத்தில் ஒரு பொம்பளையின் அடுப்பும் அழுக்குத் துணியும் கிடந்தால், கூட வருகிற தம்பிக்குத் தலைகுனிவு என்றும் நினைத்திருக்கிறாள். இரண்டு நாள் உழைத்திருக்கிறாள்.

திறந்த கதவுகளின் வழியாக நேரே தெரு தெரிந்தது. எதிர்ப்பக்கத்து டீக்கடை ஓரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டியிருந்தாள். பக்கத்தில் பாயில் சுருட்டிய ஒரு மூட்டை, கவிழ்த்து வைத்த இரண்டு அண்டா. எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இங்க யாரும் இல்லையா?” என்று இன்ஜினியர் கேட்டார்.

“இல்லீங்க சார்.”

“இவ்வளவு சுத்தமா இருக்குதே?”

“ஊர்க்காரங்க யாரையாவது வெச்சிப் பெருக்கியிருப்பாங்க சார்.”

முதல் பொய்க்கும் இரண்டாவது பொய்க்கும் நடுவில் நான் மூச்சுகூட விடவில்லை. மொட்டைக் கடிதம் ஞாபகத்துக்கு வந்து பயந்துவிட்டேன் என்று சொன்னால் நானே என்னை மன்னிக்கலாம். அந்த நேரத்தில் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. பயம் இல்லை, வருத்தம் இல்லை. கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும், கண்ணுக்கு எதிரே அறை காலி. அதோ நிற்கிறாளே, அவள்தான் என்று கையை நீட்டியிருந்தால் போதும். கை டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

இன்ஜினியர் கூடத்துக்கு வந்து நாடா செதுக்கிய தூணை வெகுநேரம் பார்த்தார். இந்தக் கூடத்தை யாரும் தொடக் கூடாது, பின்பக்கம் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று எழுதச் சொன்னார். வெளியே வந்தபோது அக்கா எதிர்ப்பக்கத்திலிருந்து அவரைப் பார்த்துக் கைகூப்பினாள். யாரோ மலைக்கு வந்த பெண் என்று நினைத்து அவரும் தலையை அசைத்தார். நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஒன்பதாவது கட்டத்தில் ‘எவரும் இல்லை’ என்று எழுதினேன். படம் வரைந்து முடிக்க நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளும் கோப்பு என் மேஜையில்தான் இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் திறந்தேன், கூடத்துக்கு ஒரு தூண், இரண்டு தூண் என்று வரைந்தேன், மூடினேன். நாடாவைக்கூட ஓரத்தில் தனியாகப் பெரிதாக வரைந்தேன். நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான் என்று இன்ஜினியர் சொன்னார்.

உத்தரவு வந்த அன்று பாவா பூந்திப் பொட்டலத்தோடு ஆபீசுக்கு வந்தார். கூடம் போகாதது அவருக்குக் கொஞ்சம் குறைதான், ஆனால் பின்னால் மூன்று மாடி எழுப்பிக்கொள்ளலாம். அக்காவுக்கு லாட்ஜில் ரூம் பெருக்குகிற வேலை போட்டுத் தருவதாகவும், மாடிப்படிக்குக் கீழே படுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். என் அக்கா லாட்ஜ் பெருக்க வேண்டியதில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டேன். கிருத்திகைக்குக் கிருத்திகை அந்தக் கூடத்தைப் பெருக்கியவள்தானே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அவளைக் கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

சாயங்காலம் போய் அவளிடம் சொன்னேன். அதற்குள் அடுப்பைத் திரும்பவும் போட்டுவிட்டிருந்தாள். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“கூடத்தையும் எடுத்துடறாங்களா?”

“இல்லக்கா. கூடம் அப்பிடியே இருக்கும்.”

“அப்போ சரி” என்றாள். குழம்பைக் கிளறிவிட்டு, “நான் எப்போ காலி பண்ணணும்?” என்று கேட்டாள்.  பாவாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன்.

அண்டா இரண்டையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பின்பக்கம் இடித்தார்கள், மூன்று மாடி எழும்பியது. கூடத்துக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, சோபா போட்டு, ரிசப்ஷன் ஆக்கினார்கள். நாடாத் தூணில் கம்பி சுற்றி ரூம் சாவிகளைத் தொங்கவிட்டார்கள். வெளியூரிலிருந்து அதிகாரிகள் வந்தால் அந்தக் கூடத்தைக் காட்டி, பழையதையும் விடாமல் புதியதையும் செய்திருக்கிறோம் என்று சொல்வது எங்கள் ஆபீஸில் வழக்கமாயிற்று. காப்பாற்றியது இவர்தான் என்று என்னைக் காட்டுவார்கள். நான் அளவாகச் சிரிப்பேன்.

லாட்ஜ் திறந்த வருடத்து ஆடிக் கிருத்திகைக்கு ஊர் ஜனம் வழக்கம்போலக் காவடியோடு நடந்து வந்தது. ரூம்கள் முன்பே திருப்பதி யாத்திரைக்காரர்களுக்குப் போயிருந்தன. கூடத்தில் உட்கார மேனேஜர் விடவில்லை. ஜனம் தெருவில் வெயிலில் உட்கார்ந்தது. என் வீட்டுக் கொல்லையில் வெந்நீர் போட்டு, இரண்டு தெரு தாண்டிக் குடம் குடமாக அக்கா சுமந்தாளாம். என் மனைவி சொன்னாள். நான் அன்று மலைப்பாதையில் விசில் ஊதிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தபோது அவள் சுருண்டு படுத்திருந்தாள், தோளில் குடம் அழுத்திய இடம் கன்றிப்போயிருந்தது. நான் கைகால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.

ஏழெட்டு வருடம் எங்களோடு இருந்தாள். ஒருநாள்கூடச் சத்திரத்துப் பேச்சை எடுக்கவில்லை. ஒரு பழக்கம் மட்டும் வைத்திருந்தாள். மாதா மாதம் கிருத்திகைக்கு முந்தின நாள் அடுக்களைத் தளத்துக்கும் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்துவிடுவாள். வேண்டாம் அண்ணி, முடியாத உடம்போடு எதற்கு என்று என் மனைவி சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. அவள் ஸ்டூல் மேல் ஏறி மட்டையால் அடிக்கிற நேரங்களில் நான் வெளியே போய்விடுவேன்.

கடைசியில் படுக்கையில் விழுந்தாள். ஒருநாள் மத்தியானம் வீட்டில் வேறு யாரும் இல்லை. கஞ்சி கொடுத்துவிட்டு எழுந்தேன். இருடா என்றாள்.

“அன்னிக்கு இன்ஜினியர் வந்தாரே. அந்த மூலையில மட்டும் கரி போகவே இல்ல. மூணு வாட்டி அடிச்சேன். ராவெல்லாம் முழிச்சிகினு அடிச்சேன். அதப் பாத்துட்டுதானே அந்த ரூமு வாணாம்னு எழுதிட்டாரு?”

இத்தனை வருடமும் அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.   கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது, அதைக் கீழே வைத்தேன்.

“அவரு அத பாக்கல அக்கா.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன்.”

“அவராண்ட சொல்லலியே?”

“சொல்லல.”

என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். “நல்லது பண்ணே” என்றாள்.

அந்த மாதமே போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் ஊருக்குப் போன பிறகு, தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போனேன். பழக்கத்தில் மேலே பார்த்தேன். தளம் நாலு மூலையும் வெள்ளையாக இருந்தது. அவள் ஏழெட்டு வருடம் சமைத்த இடம் அது. அவள் ஏறுகிற ஸ்டூலில் ஏறித் தொட்டேன், விரல் வெள்ளையாக வந்தது. யாராவது படிவத்தோடு வந்து பார்த்தால் இங்கும் ஒன்பதாவது கட்டத்தில் அதையேதான் எழுதுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, தண்ணீரைக் குடித்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினேன்.